நாமா, நாங்களா: அதிபர்களின் உரைகளைத் தமிழில் படிக்கும்போது

12 ஆண்டுகளுக்கு முன்னால், ஒரு குடியிருப்புப் பேட்டையின் பல்நோக்கு மண்டபத்தில் நடந்த இரவு விருந்தில், ஏற்பாட்டுக் குழுத் தலைவரின் ஆங்கில உரையை மேடையில் நின்று தமிழில் சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. உரை முன்கூட்டியே கைக்குக் கிடைக்கவில்லை. அவர் ஒரு வாக்கியம் சொல்வார், அடுத்து நான் ஒரு வாக்கியம் சொல்வேன். இந்தப் பேட்டையைக் கட்டி எழுப்பியதைப் பற்றியும் இனி அதைப் பேணிக் காக்க வேண்டியதைப் பற்றியும் அவர் பேசிய இடத்தில், “நாங்கள் கட்டினோம், நாங்களே காப்போம்” என்று என் வாயில் வந்துவிட்டது. சொல்லி முடித்ததும் அடுத்த வாக்கியம் வந்துவிட்டதால், சொன்னதை நினைத்துப் பார்க்கவும் நேரமில்லை.

விருந்து முடிந்து பிரியாணித் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார், விரல்களின் கணுக்கள் தடித்திருந்தன. “ஏம்மா, நாங்களும் சேந்துதானே கட்டினோம்? இந்த புளோக்குக்குச் சிமெண்டு மூட்டை தூக்கினவன் நானு” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, விவரம் தெரிந்துகொள்ள விரும்பியவரைப் போலத்தான் கேட்டார். “மன்னிச்சிடுங்க ஐயா, நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்” என்றேன். “பரவாயில்லம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேசியவர் அந்தப் பெரியவரை விலக்கவில்லை. மேடைக்கும் நாற்காலிகளுக்கும் இடையே கோடு போட்டவள் நான்தான்.

ஆங்கிலத்தில் ‘வீ’ என்ற ஒரே சொல் போதும். கேட்பவரும் அதற்குள் இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்று அந்தச் சொல் வெளிப்படையாகக் காட்டாது. தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. முன்னால் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை விட்டுவிட்டு நம் தரப்பை மட்டும் சொன்னால் நாங்கள். முதல் வகையை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று பள்ளியில் படித்து, தேர்வில் எழுதி, மறந்தும் போகிறோம். மலாய் மொழியிலும் இதே பிரிவு உண்டு. ‘கித்தா’ எல்லாரையும் உள்ளே அழைக்கும், ‘காமி’ கேட்பவரை வெளியே நிறுத்திப் பேசும். சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு இவ்விரண்டும் காலை அணிவகுப்பிலேயே காதில் விழுந்தவை. சுபிர் சயிட் எழுதி இசையமைத்த நாட்டுப்பண் ‘மாரி கித்தா’ என்று, வாருங்கள் நாம் எல்லாரும் என்ற அழைப்போடு தொடங்குகிறது. உடனே அடுத்துச் சொல்லும் தேசிய உறுதிமொழியான பற்றுறுதியின் மலாய் வடிவமோ ‘காமி’ என்று தொடங்குகிறது. உலகத்தின் முன் நின்று இன்னார் நாங்கள் என்று அறிவிக்கும் குரல் அது. அதே பற்றுறுதியின் தமிழ் வடிவத்தில் “சிங்கப்பூர் குடிமக்களாகிய நாம்” என்றிருக்கிறது. 1966இல் எஸ். ராஜரத்தினம் ஆங்கிலத்தில் வடித்த அந்தப் பற்றுறுதியின் முதற்சொல்லுக்கு இரண்டு மொழிகள் இரண்டு விதமாக விடை சொல்லியிருக்கின்றன. இரண்டுமே சரியானவைதான் என்பது என் எண்ணம். ஆனால் சொன்னவர்கள் யாரை நோக்கி நின்றார்கள் என்பது மாறிவிடுகிறது.

அந்த விருந்துக்குப் பிறகு எனக்கு ஒரு பழக்கம் வந்தது. நாட்டுத் தலைவர்களின் புகழ்பெற்ற உரைகளை அச்சிட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ‘வீ’யின் மேலும் நாம் அல்லது நாங்கள் என்று பென்சிலால் எழுதுவேன். மொழிபெயர்ப்புக் கூலிக்குச் செய்யும் வேலை அன்று, மனத்துக்காகச் செய்வது. அதிபர் உரை என்னும் கலையைப் பற்றிப் பேசுபவர்கள் குரலையும் நிறுத்தத்தையும் அடுக்குமொழியையும் புகழ்கிறார்கள். இந்தப் பென்சில் குறிகளைப் பார்க்கப் பார்க்க, அந்தக் கலையின் உயிர்நிலை ஓர் அதிபர் தம் ‘நாம்’ என்னும் வட்டத்தை எங்கே வரைகிறார் என்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆங்கிலம் மறைத்து வைத்திருக்கும் அந்த வட்டத்தைத் தமிழ் வெளியே இழுத்துக் காட்டிவிடுகிறது.

லிங்கனில் தொடங்கவேண்டும். 1863 நவம்பர் 19ஆம் நாள், பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில், அந்த ஆண்டு ஜூலை மாதத்தில் 3 நாள் நடந்த போரில் மடிந்தவர்களுக்கான கல்லறை நிலத்தை அர்ப்பணிக்கும் விழா. அன்றைய முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட். அவர் 2 மணி நேரம் பேசினார். பிறகு லிங்கன் எழுந்து ஏறத்தாழ 270 சொற்களில் தம் உரையை முடித்துக்கொண்டார். நிகழ்ச்சியின் மையக் கருத்தை நீங்கள் 2 நிமிடத்தில் தொட்ட அளவுக்கு நான் 2 மணி நேரத்தில் நெருங்கியிருந்தால் மகிழ்வேன் என்ற பொருளில் எவரெட் மறுநாளே அவருக்குக் கடிதம் எழுதினார். இந்தக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். என் பென்சில் காட்டியது வேறு. அந்த உரையில் ‘நான்’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ‘வீ’ பத்து முறை வருகிறது. பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பத்துக்கும் நாம் என்றுதான் எழுத முடிந்தது.

அதிலும் இரண்டாவது வாக்கியத்தை எண்ணிப் பாருங்கள். இப்போது நாம் ஒரு பெரிய உள்நாட்டுப் போரில் ஈடுபட்டிருக்கிறோம் என்கிறார். எதிரில் நிற்பது தென் மாநிலங்களின் படை. அந்த மண்ணில் கொல்லப்பட்டவர்களும் காயமுற்றவர்களும் காணாமற்போனவர்களுமாக இரு தரப்பிலும் சேர்த்து ஏறத்தாழ 50,000 பேர். வேறொரு தலைவராக இருந்தால் நாங்கள் அவர்களோடு போர் புரிகிறோம் என்று சொல்லியிருக்கலாம். கேட்டவர்கள் கைதட்டியும் இருப்பார்கள். லிங்கனின் உரையில் எதிரி என்ற சொல்லே கிடையாது. போரிடும் இரு பக்கத்தையும் ஒரே வினைமுற்றுக்குள் வைத்துவிட்டு, அந்த நாடு நிலைக்குமா என்ற கேள்வியை எல்லார்க்கும் பொதுவாக்குகிறார். ‘அவர்கள்’ என்று அவர் பிரித்துச் சொல்வது மாண்டவர்களைத்தான். உயிரோடிருக்கும் நாம், உயிரைக் கொடுத்த அவர்கள் என்ற ஒரே கோட்டைத்தான் அந்த உரை போடுகிறது. 1865 மார்ச் 4ஆம் நாள் இரண்டாம் முறை பதவியேற்றபோது, இரு தரப்பாரும் ஒரே வேதநூலைப் படித்து ஒரே கடவுளை வேண்டுகிறார்கள் என்று அவர் சொன்னது, கெட்டிஸ்பர்க்கில் போட்ட அந்த வட்டத்தின் தொடர்ச்சி என்றுதான் எனக்குப் படுகிறது.

கெட்டிஸ்பர்க் உரையின் இறுதித் தொடரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு; மொழிபெயர்ப்பவர்களுக்குப் பிடிக்கும். மக்களுடைய, மக்களால், மக்களுக்காக என்று நாம் பள்ளியில் மனப்பாடம் செய்த தொடர் அது. ஆங்கிலத்தில் மக்கள் என்ற சொல் ஒவ்வொரு துண்டின் இறுதியிலும் வந்து விழுகிறது. தமிழில் வேற்றுமை உருபு பின்னால் ஒட்டுவதால் மக்கள் என்ற சொல் ஒவ்வொரு துண்டின் முதலிலும் வந்து நிற்கிறது. கடைசியில் ஒலித்தது முதலுக்கு வந்து, தானாக மோனையாகிவிட்டது. யாரும் திட்டமிட்டு அமைத்ததன்று. மொழியே செய்த உதவி.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 1941 டிசம்பர் 8 உரைக்கு வரும்போது என் பென்சில் மெதுவாகத்தான் நகரும். ஹவாயின் முத்துத் துறைமுகத்தை (பேர்ள் ஹார்பர்) ஜப்பான் தாக்கிய மறுநாள் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடியிருந்த இடத்தில் ஏறத்தாழ 7 நிமிடம் பேசினார். தாக்குதல் நடந்த அன்று மாலை, செயலாளர் கிரேஸ் டல்லியிடம் அவர் வாய்மொழியாகச் சொல்லித் தட்டெழுதிய முதல் படியின் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறேன். “உலக வரலாற்றில் நிலைக்கும் நாள்” என்று தட்டெழுதியிருந்ததில் ‘உலக வரலாறு’ என்பதன் மேல் ஒரு கோடு. மேலே அவர் கையெழுத்தில் ஒரே ஒரு சொல்: இன்ஃபமி. அதே வாக்கியத்தில் ‘ஒரே நேரத்தில்’ என்பதை அடித்துவிட்டுத் ‘திடீரென’ என்று மாற்றியிருக்கிறார். உலக வரலாறு என்ற தொடர் யார் மேலும் குற்றம் சாட்டாது. ஆவணக் காப்பகத்துக்குப் போகவேண்டிய சொல் அது. இன்ஃபமி என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பல நாள் யோசித்தேன். இழிவு சிறியது, அவப்பெயர் செய்தித்தாள் வாடை அடிக்கிறது. கடைசியில் வசை என்ற பழஞ்சொல்லிடம் போய்ச் சேர்ந்தேன். புகழ் எஞ்சாமல் போனால் எஞ்சுவது வசை என்று பொருள் கொண்டால், வசையோடு நிலைக்கும் நாள் என்பது அந்தக் கோட்டுக்கும் அந்தக் கையெழுத்துக்கும் பொருந்துகிறது. வேறொரு சொல் வென்றுவிடாதபடி சொல்லைத் தேர்ந்து சொல் என்று வள்ளுவர் சொன்னதற்கு, பென்சிலால் அடித்த இந்தத் தாளைவிடக் கண்கூடான சான்று எனக்குத் தெரியாது.

ஆனால் நான் மெதுவாகப் போவதற்குக் காரணம் அந்தச் சொல் மட்டுமில்லை. உரையின் நடுவில் ஒரு பட்டியல் வருகிறது. நேற்று ஜப்பானிய அரசாங்கம் மலாயாவின் மேலும் தாக்குதல் தொடங்கியது, நேற்றிரவு ஜப்பானியப் படைகள் ஹாங்காங்கைத் தாக்கின, குவாமைத் தாக்கின, பிலிப்பைன்ஸ் தீவுகளைத் தாக்கின, வேக் தீவைத் தாக்கின, இன்று காலை மிட்வே தீவைத் தாக்கின. ஒவ்வொன்றும் தனி வாக்கியம், தனி வரி. படைகள் அடுத்தடுத்து முன்னேறுவதுபோல வாக்கியங்கள் வருகின்றன. பட்டியலில் முதலில் நிற்பது மலாயா.

என் பாட்டி அப்போது சிங்கப்பூரில் இருந்தார். 8ஆம் தேதி விடியுமுன் குண்டு விழுந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்ததாகச் சொல்வார். நகரத்தின் விளக்குகளை அன்று அணைக்கவில்லை என்பது வரலாற்று நூல்களிலும் இருக்கிறது. பாட்டிக்கு அது 8ஆம் தேதி. வாஷிங்டனில் அதே வேளை 7ஆம் தேதி பிற்பகல். வசையோடு நிலைக்கும் என்று ரூஸ்வெல்ட் சொன்ன தேதி, அதே சில மணி நேரத்துக்குள் தாக்கப்பட்ட எங்கள் ஊர்க்காரர்களின் நாட்காட்டியில் வேறு எண்ணாக இருந்தது. மலாயா என்ற பெயர் உரையில் வருகிறது. ஆனால் கடைசியில் நாம் வெற்றி அடைந்தே தீருவோம் என்று அவர் சொல்லும் அந்த நாம் என்பதற்குள் மலாயா இல்லை. பிலிப்பைன்ஸ் நிலை இன்னும் வருத்தத்துக்குரியது. அது அன்று அமெரிக்கக் கொடியின் கீழ் இருந்த நிலம். முதல் படியில் ஹவாயோடு சேர்த்து முன்னால் வைக்கப்பட்டிருந்த அதன் பெயரை ரூஸ்வெல்ட் அடித்துவிட்டார். ஹவாயின் ஓவாஹு தீவுக்கு முன்னால் ‘அமெரிக்க’ என்ற அடைமொழியைச் சேர்த்தார். பிலிப்பைன்ஸ், பட்டியலின் பின்வரிசைக்குப் போனது. கேட்கும் அமெரிக்கர்கள் எந்தத் தீவைத் தங்களுடையது என்று உணர்வார்கள் என்று கணக்கிட்டு வரைந்த வட்டம் அது. சொல்லாட்சிக்காக அந்த உரையை நான் வியக்கிறேன். வட்டத்துக்கு வெளியே விடப்பட்டவர்களின் பேத்தியாகவும் படிக்கிறேன். அடுத்த ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் விழுந்தது.

இந்த உரைகளை யார் எழுதுகிறார்கள் என்ற கேள்வியைச் சிலர் குறையாகக் கேட்பதுண்டு. ஜார்ஜ் வாஷிங்டனின் பிரியாவிடை உரை 1796இல் செய்தித்தாளில்தான் வெளிவந்தது. அவர் அதை எந்த அவையிலும் படிக்கவில்லை, அதன் வரிகளில் அலெக்சாண்டர் ஹாமில்டனின் கை நிறைய இருக்கிறது. ஆனாலும் அமெரிக்க மேலவையில் ஆண்டுதோறும் பிப்ரவரியில் ஓர் உறுப்பினர் அதை முழுக்கப் படிக்கிறார். மேடை ஏறாத உரைக்கு இத்தனை வாழ்நாள். 1969 ஜூலையில், நிலவுக்குப் போனவர்கள் திரும்ப முடியாமல் போனால் நிக்சன் படிப்பதற்கென்று வில்லியம் சஃபையர் ஓர் உரையை எழுதி வைத்திருந்தார். அமைதிக்காக நிலவுக்குச் சென்றவர்கள் அங்கேயே அமைதியில் உறங்குவார்கள் என்று அது தொடங்குகிறது. படிக்கத் தேவைப்படாமல் போனதற்காக நாம் நன்றி சொல்லக்கூடிய ஒரே நல்ல உரை அது. எழுதிய கை வேறு என்பதால் சொல் பொய்யாகிவிடும் என்று நான் நினைக்கவில்லை. அடுத்தவர் சொல்லை என் வாயால் சொல்லிப் பிழைப்பவள் நான். அந்தச் சொல்லுக்குப் பொறுப்பேற்று நிற்பவர் யார் என்பதுதான் கேள்வி.

எழுதிய கை வேறாக இருந்தும் வட்டம் மிகச் சரியாக விழுந்த இடம் என்று 1986 ஜனவரி 28 மாலையில் ரேகன் பேசியதைச் சொல்வேன். காலையில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து, பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மக்காலிஃப் உட்பட 7 பேர் இறந்திருந்தார்கள். அன்றிரவு நாடாளுமன்றத்தில் ஆற்றவிருந்த ஆண்டு உரையைத் தள்ளிவைத்துவிட்டு, அலுவலக மேசையில் அமர்ந்தபடி ஏறத்தாழ 4 நிமிடம் பேசினார். எழுதியவர் பெக்கி நூனன். நாடே துக்கம் கொண்டாடுகிறது என்னும் வகையில் நாம் என்று பேசும் உரை, இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் திரும்பும்போது குரல் மாறுகிறது. உங்களைப் போல இந்தத் துயரத்தின் முழுச் சுமையையும் எங்களால் தாங்க முடியாது என்கிறார். அந்த இடத்தில் தமிழில் நாம் என்று எழுதினால் கொடுமையாகிவிடும். நாடு மொத்தமும் ஒரு பக்கம் நிற்க, அந்த 7 வீடுகள் தனியே நிற்கின்றன. உங்கள் துக்கம் எங்களுடையதும்தான் என்று பொய்யாகச் சொந்தம் கொண்டாடாமல், நாங்கள் என்று ஓரடி விலகி நின்று மரியாதை செய்கிறார். துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு இந்த விலகலின் அருமை தெரியும்.

நம் ஊருக்கு வருவோம். சிங்கப்பூரின் முதல் நாடாளுமன்றம் 1965 டிசம்பர் 8ஆம் நாள் கூடியது. குண்டு விழுந்த அந்த விடியற்காலைக்குச் சரியாக 24 ஆண்டுக்குப் பிறகு. தொடக்க உரையாற்றியவர் அன்றைய நாட்டுத் தலைவர் யூசோஃப் இஷாக். நாட்டுத் தலைவர் பதவிக்கு அதிபர் என்ற பெயரைத் தரும் சட்டத் திருத்தம் அந்த மாதக் கடைசியில்தான் நிறைவேறியது. அன்று தொடங்கிய மரபு இன்றும் தொடர்கிறது: நாடாளுமன்றத் தொடக்கத்தில் அதிபர் ஆற்றும் உரை, அரசாங்கத்தின் திட்டங்களைச் சொல்வது, அதை வரைவது அரசாங்கம், படிப்பது அதிபர். அந்த உரைகளில் நெஞ்சைத் தைக்கும் வரி எங்கே என்று தேடுபவர்கள் ஏமாந்து போவார்கள். அதை நான் குறையாகக் கருதவில்லை. நான்கு மொழிகளுக்கும் உரைபெயர்ப்பு வசதி உள்ள அவை அது. உரைபெயர்ப்பாளர் கூண்டில் இருப்பவருக்குத் தெளிவான வாக்கியம்தான் முதல் உதவி. வீடு கட்டுவோம், திறன் வளர்ப்போம் என்று ஆங்கிலத்தில் ‘வீ’ வரும்போது அது அமைச்சரவையைக் குறிக்கும் நாங்களா, மக்களையும் சேர்த்த நாமா என்று முடிவெடுக்க அவருக்கு ஒரு நொடிகூட இருக்காது. அந்த வேலையைச் செய்பவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் கைகூப்பத் தோன்றும்.

1993இல் மக்கள் நேரடியாக வாக்களித்து ஓங் டெங் சியோங்கைத் தேர்ந்தெடுத்த பிறகு, அதிபரின் வாயிலிருந்து இரண்டு வகை உரைகள் வரத் தொடங்கின. ஒன்று அரசாங்கம் எழுதித் தந்து படிப்பது. மற்றொன்று வாக்குப் பெற்று வந்தவர் பதவியேற்கும் நாளில் தம் பெயரில் பேசுவது. 12 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து, மிக நீண்ட காலம் பணியாற்றியவர் என்ற பெயர் பெற்ற எஸ்.ஆர். நாதனும், 2023இல் 70.4 விழுக்காட்டு வாக்கோடு வந்து செப்டம்பர் 14ஆம் நாள் அதிபர் மாளிகையான இஸ்தானாவில் உறுதிமொழி எடுத்த தர்மன் சண்முகரத்னமும் தமிழ்க் குடும்பங்களில் பிறந்தவர்கள் என்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் யூசோஃப் இஷாக்கை நினைக்கும்போது எனக்கு ஒரு வருத்தம் எழும். 1999 முதல் நம் பணத்தாள்களில் அவர் முகம் இருக்கிறது. கோப்பிக்கடையில் 2 வெள்ளித் தாளை நீட்டும்போதெல்லாம் அவரைப் பார்க்கிறோம். அவர் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் என் வயதுக்காரர்களில் பெரும்பாலோர் விழிப்பார்கள். அதிபரின் சொல் நம் பள்ளிகளில் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் காதில் விழவேண்டும். பற்றுறுதியை மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு, 1965இல் அந்த அவையில் ஒலித்ததையும் ஒரு முறை போட்டுக் காட்டலாம்.

மண்டேலாவின் உரையில்தான் என் பென்சில் அதிகமாகத் தடுமாறியது. 1994 மே 10ஆம் நாள், பிரிட்டோரியா, தென்னாப்பிரிக்க அதிபராக அவர் பதவியேற்ற விழா. எதிரில் உலக நாடுகளின் தலைவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். கீழே புல்வெளியில் அவருடைய மக்கள். ஒரே வாக்கியம் இரு பக்கமும் போய்ச் சேரவேண்டும். அண்மைக்காலம்வரை சட்டத்துக்குப் புறம்பானவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த எங்களுக்கு, இன்று எங்கள் சொந்த மண்ணில் உலக நாடுகளை விருந்தினராக வரவேற்கும் பேறு கிடைத்திருக்கிறது என்கிறார். இங்கே நாங்கள்தான், வேறு வழியில்லை. விருந்தாளியைப் பார்த்து வீட்டுக்காரர் பேசும் மொழி. ஆனால் கறுப்பரும் வெள்ளையரும் அச்சமின்றித் தலைநிமிர்ந்து நடக்கும் சமுதாயத்தைக் கட்ட உடன்படிக்கை செய்துகொள்கிறோம் என்று சொல்லும்போது, அவரைச் சிறையில் வைத்த ஆட்சியின் தலைவர்களும் அங்கேதான் அமர்ந்திருக்கிறார்கள். உடன்படிக்கை என்பது ஒரு தரப்பாகச் செய்வதில்லை. அந்த இடத்தில் நான் நாம் என்று எழுதினேன். 27 ஆண்டுகள் சிறையில் கழித்த ஒருவர் அந்த நாமைச் சொல்ல என்ன விலை கொடுத்திருப்பார் என்று நினைத்து, பென்சிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனதும் உண்டு.

தமிழிலிருந்து வெளியே சென்ற ஓர் உரையையும் சொல்லவேண்டும். இந்தியக் குடியரசுத் தலைவராக இருந்த அப்துல் கலாம் 2007 ஏப்ரல் 25ஆம் நாள் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் பேசியபோது, கணியன் பூங்குன்றனாரின் “யாதும் ஊரே யாவரும் கேளிர்” என்ற அடியைத் தமிழிலேயே சொல்லி ஆங்கிலத்தில் பொருள் உரைத்தார். அப்போது அந்த அவைக்கு 23 அதிகாரபூர்வ மொழிகள். அவற்றில் இல்லாத ஒரு மொழி அன்று அங்கே ஒலித்தது. என் பழக்கத்தின்படி அந்த அடியின் மேல் பென்சிலை வைத்தேன். நாம் என்றோ நாங்கள் என்றோ எழுத அதில் இடமே இல்லை. கேளிர் என்ற உறவுச்சொல் ஒன்றே வந்து அமர்ந்திருக்கிறது.

போன மாதம் எங்கள் மாடியில் இருக்கும் உயர்நிலை மூன்று மாணவி ஒருத்தி, பள்ளிப் பேச்சுப் போட்டிக்காகக் கென்னடியின் 1961 ஜனவரி 20 பதவியேற்பு உரையின் சில பகுதிகளைத் தமிழாக்கிக்கொண்டு வந்தாள். என் சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்பினோம். எல்லா இடத்திலும் நாங்கள் என்றே எழுதியிருந்தாள். ஏன் என்று கேட்டேன். “கென்னடி அமெரிக்கர்தானே ஆன்ட்டி? நான் சிங்கப்பூர்ல நின்னுக்கிட்டு நாம்னு எப்படிச் சொல்றது?” என்றாள். நல்ல கேள்வி. இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் நான் அப்படி யோசித்ததில்லை.

ஒவ்வொரு வரியாகப் போனோம். எங்களுக்கு நன்மை நினைப்பவரோ தீமை நினைப்பவரோ, எல்லா நாடுகளும் அறியட்டும், சுதந்திரம் வாழ நாங்கள் எந்த விலையும் கொடுப்போம் என்ற வாக்கியம் பிற நாடுகளைப் பார்த்துச் சொல்வது. அங்கே அவள் எழுதியது சரி. அந்த விலையின் பெரும்பங்கை அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நம் வட்டாரத்தில், வியட்நாமில் இருந்தவர்கள் கொடுத்தார்கள் என்று சொன்னேன். அவள் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். பழைய நட்பு நாடுகளுக்கு, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு என்று வரிசையாக வாக்குறுதி கொடுக்கும் இடத்திலும் நாங்கள்தான். பிறகு எதிரிகளாகிவிட விரும்பும் நாடுகளிடம் பேசும்போது, இரு தரப்பும் புதிதாகத் தொடங்குவோம், அச்சத்தால் பேச்சு நடத்தவேண்டாம், பேச்சு நடத்த அச்சப்படவும் வேண்டாம் என்று வருகிறது. “இங்க யாரு ஆன்ட்டி?” என்று அவளே நிறுத்தினாள். இரு தரப்பும் என்று அவரே சொல்லிவிட்டாரே என்றேன். “அப்போ ரஷ்யாக்காரங்களும் சேர்த்தியா?” என்று வியந்தவள், நாங்கள் என்பதை அழித்துவிட்டு நாம் என்று எழுதினாள்.

நாடு உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், நாட்டுக்கு நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள் என்ற வரியை அவள் ஏற்கெனவே மனப்பாடம் செய்திருந்தாள். அது உலகத்துக்கே மனப்பாடம். அதற்கு அடுத்த வாக்கியம் அவளிடம் இல்லை. இணையத்தில் எடுத்த துண்டு அதற்கு முன்பே முடிந்திருந்தது. முழு உரையைத் திறந்து காட்டினேன். உலகத்தின் சக குடிமக்களே, அமெரிக்கா உங்களுக்கு என்ன செய்யும் என்று கேட்காதீர்கள், மனிதனின் விடுதலைக்காக நாம் சேர்ந்து என்ன செய்ய முடியும் என்று கேளுங்கள் என்று அது சொல்கிறது.

“1961ல சிங்கப்பூர் நாடாவே இல்லையே?” என்றாள். தன்னாட்சி இருந்தது, விடுதலை இல்லை என்றேன். அவள் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு புதிய தாளை எடுத்து அந்த வாக்கியத்தைத் தானே தமிழில் எழுதினாள். ‘நாம் சேர்ந்து’ என்று எழுதிய இடத்தில் அழுத்தி எழுதியதால் தாளின் மறுபக்கத்திலும் தடம் தெரிந்தது. எழுந்து நின்று, மேசையில் கைவைக்காமல், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை உரக்கச் சொல்லிப் பார்த்தாள். முதல் முறை வேகமாகப் போய்விட்டது. இரண்டாம் முறை ‘நாம்’ என்று சொல்லிவிட்டு, ஒரு மூச்சு நிறுத்தி, பிறகு ‘சேர்ந்து’ என்றாள்.